செல்வத்தின் முதுகும் என் இடது காலும்

நேற்றுக் காலை மீன் ஏலக்கூடத்தில் கூடையை இறக்கிவைத்த ஒரு பெண், "அண்ணே, முதுவு பிடிச்சிக்கிச்சி. ஒரு மிதி மிதிச்சி விடுங்க" என்றாள். அவள்மேல் தைல வாடை. கையெடுத்துக் கும்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் இந்த இடது கால் ஒரு காலத்தில் பெரிய மனுஷன். நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மூன்று நாள் விடியலில், பல் துலக்கும் முன் மிதித்துவிட்டால் முதுகுப் பிடிப்பு விலகும் என்று காரைக்கால்மேட்டில் நம்பினார்கள். நெடுங்காட்டிலிருந்து நடவு நட்ட பெண்களும் பஸ் ஏறி வருவார்கள். எனக்கும் தலைகால் புரியாது. செருப்பில்லாமல் வாசல் தாண்டியதில்லை, அவ்வளவு பவுசு.

அந்தத் தைல வாடை செல்வத்தின் வாடை. ஒரே படகில் தொழில் செய்தோம். என்னிடம் எதையாவது கேட்காமல் அவனுக்குப் பொழுது போகாது. பீடி, தீப்பெட்டி, பாதி டீ, கல்யாணத்துக்குப் போட என் சட்டை. கொடுக்காவிட்டால் அவனே எடுத்துக்கொள்வான். அந்த வருஷம் பல மாதமாக அவனுக்கு நடுமுதுகில் வலி. சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. வலை இழுக்கிற வலிதான் என்று நாங்களே முடிவு கட்டினோம். விடியலில் அவனையும் மிதிக்கத் தொடங்கினேன். முன்னதாகத் தைலம் தடவும்போது முதுகெலும்பில் ஒரு முண்டு கையில் தட்டியது. அதையும் பிடிப்பு என்றே நினைத்தேன், மடையன்.

மூன்றாம் நாள், "நல்லா அழுத்து மச்சான்" என்றான். அழுத்தினேன்.

இரண்டு நாளில் அவன் கால்கள் மரத்துப்போயின. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பில் காசநோய், எலும்பை அரித்துச் சீழ் கட்டி நரம்பை நெரிக்கிறது என்றார் மருத்துவர். முதுகைத் திறந்து சீழை எடுத்து, கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்த வேண்டுமாம். கால்களுக்கு உணர்வு திரும்புமா என்று உறுதி சொல்லவில்லை. "யாராவது மிதிச்சாங்களா?" என்று கேட்டார். செல்வம்தான் சொன்னான், "இல்லீங்க. வலை இழுக்கறப்ப வழுக்கி விழுந்துட்டேன்."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். நோயே அவனைச் சாய்த்ததா, என் கால் சாய்த்ததா என்று அந்த மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். பயந்து நின்றேன். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் மாத்திரை. இடுப்பில் பட்டை, கையில் கோல். கடைசியில் நடந்தான். என்னைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தவன் இப்போது கூனி என் காதளவுக்கு நிற்கிறான். கடலுக்குப் போவதில்லை. கீழவாஞ்சூர்த் துறைமுக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறான்.

வழியில் பார்த்தால் சிரிப்பான், பிள்ளைகளை விசாரிப்பான். ஒரு குறையும் சொன்னதில்லை. போன வாரம் பீடியை வாயில் வைத்துக்கொண்டு சட்டைப்பை எல்லாம் தேடினான். என் கையில் தீப்பெட்டி இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு எதிர்க் கடைவரை கோல் ஊன்றிப் போய், அங்கே கேட்டு வாங்கிப் பற்றவைத்தான். அன்றைக்கு "அழுத்து" என்று கேட்டதுதான் அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது.