நல்லது ஒண்ணு சொல்லு

போன சித்திரையில், குழாயில் தண்ணீர் வந்த ஒரு விடிகாலையில், நான் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். பாளையம்பட்டியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பிடித்துவிட வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்து வேகமாகத் திரும்பியபோது பாசி பிடித்த சிமெண்டுத் தரை காலை வாரிவிட்டது. கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அருப்புக்கோட்டையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வந்து பார்த்துவிட்டு இரண்டு நாளில் திரும்பிப் போனார். மகன் சென்னையில் இருக்கிறான். வீட்டில் நான் மட்டும். சோறு வடிப்பது, புடவை கட்டுவது, குளிப்பது எல்லாவற்றுக்கும் இடது கையோடு மல்லுக்கட்டி ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தேன். தலை சீவுவதற்கு மட்டும் வழியே இல்லை. என் முடி இடுப்புக்குக் கீழே வரும். அதை ஒற்றைக் கையால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குத்தான் என் தோழி வர ஆரம்பித்தாள். அடுத்த தெருவில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம். அன்று தொட்டு இன்றுவரை பழக்கம் விட்டதில்லை. காலையில் மாவை அரைத்து இறக்கிவிட்டு, உளுந்து வாசத்தோடு வந்து நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைப்பாள். சீப்பை எடுத்ததும் முதலில் கேட்பது இதுதான்:

"இன்னைக்கு நல்லது ஒண்ணு சொல்லு, புள்ள."

அதற்கு முந்தின வருடம் அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு, டவுனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அங்கே சொல்லிக் கொடுத்தது இது. காலை எழுந்ததும் நமக்குக் கிடைத்த நல்லது ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குறை எதுவும் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல மனசு அடங்கும் என்று அவள் நம்பினாள். அவளுக்கு அடங்கியும் இருந்தது. வீட்டுக்காரர் போன புதிதில் கடையைத் திறக்காமல் படுத்தே கிடந்தவள் எழுந்து நடமாடினாள் என்றால் அந்த வகுப்பால்தான். அதனால் நானும் மறுப்புச் சொல்லவில்லை. "காத்து வருது" என்பேன். "காபி நல்லா இருந்துச்சு" என்பேன். அவள் சந்தோஷப்படுவாள்.

எனக்குத்தான் உள்ளே எரியும்.

என் அம்மாவும் அப்பாவும் நரிக்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நாளெல்லாம் குனிந்து அறுத்துவிட்டு, சாயங்காலம் கூலி நெல்லை மடியில் வாங்கும்போது, அம்மா கும்பிட்டு, "நல்லா இருக்கணும் சாமி" என்று சொல்வாள். அவள் உழைத்ததற்கு அவள் வாங்கிய கூலி அது. அதற்கு எதற்குக் கும்பிடு என்று சின்ன வயதிலேயே எனக்குக் கோபம் வரும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், யாரிடமும் கும்பிட்டு வாங்கக் கூடாது என்று படித்து, திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு வந்தேன். இப்போது வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு, காற்று வந்ததற்கும் காபி கிடைத்ததற்கும் வாயால் நன்றி சொல் என்றால், அம்மாவின் அந்தக் கும்பிடுதான் நினைவுக்கு வந்தது.

விடுப்பு முடிந்து அலுவலகம் போக வேண்டி வந்தது. பஸ்ஸில் கட்டைப் பார்த்து யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்ததும் கதையைக் கேட்பார்கள். கதை முடிந்ததும், "வலது கையா, அடடா" என்பார்கள். திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் கதையில் நான் இரண்டு முறையாவது விழுந்து எழுந்திருப்பேன். அலுவலகத்தில் இடது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். "மெதுவாப் பண்ணுங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போகும் அதிகாரி, அரை மணி நேரத்தில் எட்டிப் பார்ப்பார். மதியம் இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, எல்லாரும் எழுந்து போன பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். கட்டுக்குள்ளே வியர்வை ஊறி அரிக்கும். ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வேன்.

இதில் இன்னொன்று. என் தோழி சடையை மிகவும் இறுக்கிப் பின்னுவாள். மாவு அள்ளிப் பழகிய பலமான கை. நெற்றித் தோல் பின்னால் இழுபட்டு, புருவம் மேலே ஏறி நிற்கும். மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். உதவிக்கு வந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தேன்.

ஒரு நாள் காலை கரண்டு இல்லை. வைகாசிப் புழுக்கம். இரவெல்லாம் கையில் ஒரு குடைச்சல். அவள் வந்து சீப்பை வைத்து இழுத்தாள்.

"நல்லது ஒண்ணு சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்லக் கூடாது புள்ள. நல்லா யோசி. கண்ணு தெரியுது, காலு நடக்குது…"

"ஆமா, காலு நடக்குது. கை உடைஞ்சிருக்கு. தலை வலிக்குது. நீ பின்னுறதாலதான் வலிக்குது. முடியைப் பிடுங்குற மாதிரி இழுக்குற. இதுக்கும் நன்றி சொல்லணுமா ஒனக்கு?"

அவள் கை நின்றது. பாதிச் சடை அப்படியே தோளில் தொங்கியது. பிறகு தளர்த்திப் பின்னி முடித்து, சீப்பைத் துடைத்து வைத்துவிட்டு, "வாரேன்" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. முடியைப் பின்னால் தள்ளி, துண்டால் சுற்றி ஏதோ ஒப்பேற்றினேன். பஸ் ஜன்னல் காற்றில் அது அவிழ்ந்து முகமெல்லாம் பறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "தலையைச் சீவக் கூடாதாத்தா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. தோழிமேல் வந்த ஆத்திரமா, என் கைமேல் வந்த ஆத்திரமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் பாளையம்பட்டியில் இறங்கி, நேராக அவள் கடைக்குப் போனேன். மாவை அளந்து கவரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்தாள். வந்திருந்த ஆளை அனுப்பிவிட்டு, உள்ளே ஸ்டூலைக் காட்டினாள்.

"இத்தன நாளும் வலிச்சிச்சா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ நல்லது மட்டுந்தான சொல்லச் சொன்ன. இத எங்க சொல்றது?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "நானும் ஒண்ணு சொல்றேன், கேளு. அவுக போனதுக்குப் பெறகு தெனமும் காலைல நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'மாவு நல்லா பொங்கிருக்கு.' வேற ஒண்ணுமே வாயில வரல. கோடைல மாவு பொங்காம என்ன செய்யும்? ஆனாலும் அதத்தான் சொன்னேன். வகுப்புல கேட்டா மட்டும் வேற எதையாவது மாத்திச் சொல்லிருவேன்."

"பொய்யா?"

"பொய்தான். அவுக இல்லாத வீட்டுல என்ன நல்லதக் கண்டேன்? ஒனக்குத் தல பின்ன வர ஆரம்பிச்ச பெறகுதான் சொல்றதுக்கு ஒண்ணு கெடச்சிச்சு. அதையும் நேத்து நீ கெடுத்துட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் துக்கம் தீர்ந்துவிட்டதென்று நானும் நம்பி, நிம்மதியாக இருந்திருக்கிறேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார வைத்து, முடியை அவிழ்த்து, சிக்கெடுத்து, தளரப் பின்னிவிட்டாள். இடையில் இரண்டு பேர் மாவு கேட்டு வந்து காத்திருந்தார்கள்.

அதன் பிறகு காலையில் முதலில் குறையைச் சொல்லிக்கொண்டோம். குழாயில் தண்ணீர் வராதது, கிரைண்டர் பெல்ட் அறுந்தது, மகன் போனை எடுக்காதது. அதையெல்லாம் கொட்டிய பிறகு நல்லது ஏதாவது இருந்தால் சொல்வோம். சில நாள் இருக்கும். பல நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, வேறு யாருடைய கையோ போல வெளுத்திருந்தது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. மெழுகு ஒத்தடம், பயிற்சி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அதே வாரம், ஒரு வியாழக்கிழமை, தோழி கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுத் திருச்சுழிக்கு வந்தாள். அலுவலகம் முடிந்ததும் இருவரும் கோயிலுக்குப் போனோம்.

கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தோம். பகல் வெயிலைத் தாங்கிய கல், ஆனாலும் நிழல் பக்கம் குளிர்ச்சி இருந்தது. அவள் கண்ணை மூடினாள். நானும் மூடினேன். மனசு அடங்கவில்லை. இனிப் பூட்டைத் திறப்பது, துணி பிழிவது எல்லாம் இப்படிக் கோணலாகத்தானா என்ற நினைப்பு வந்ததும், தாடை இறுகிக்கொண்டது. வெகுநேரம் அப்படியே கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். சாமி மேலும் கோபந்தான். பிறகு எப்போது என்று தெரியாமல் அது கொஞ்சம் நின்றுபோனது. புறாக்கள் சிறகடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசு நின்னுச்சா?" என்றாள்.

"கொஞ்ச நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு. ஒனக்கு?"

"எனக்கெங்க. நாளைக்கு முகூர்த்தம், உளுந்து கூடக் கொஞ்சம் ஊறப் போடணுமேன்னே ஓடுச்சு."

வெளியே வந்தபோது எங்கள் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. அவள் இரண்டு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.