கேனின் முதுகைப் படிக்கிறவர்

அடுக்கில் இருக்கும் ஆயில் கேன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க, முதுகு நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறார் ஸ்டோர் அக்கா. கம்பெனி விற்பனையாளர் வாரம் ஒருமுறை வந்து முன்பக்கத்தை வெளியே திருப்பிவிட்டுப் போவார். அவர் பைக் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அக்கா மறுபடி திருப்பிவிடுவார். "மூஞ்சில என்ன இருக்கு? ரேஸ் கார் படம். முதுகுலதான் சங்கதியே இருக்கு." பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் முதுகு அக்கா. அப்படிக் கூப்பிட்டால் கோபப்படமாட்டார். ஆனால் கூப்பிட்டவருக்கு அன்று முழுக்கக் கை துடைக்கத் துணி கிடைக்காது.

வயது முப்பத்தைந்துக்குள். காதில் பேனா, கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ். லேபிளின் எறும்பு எழுத்துகளை உதடு அசைய, வருகைப்பதிவு எடுப்பதுபோல் வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் மூடியைத் திறக்க விடுவார்.

எங்கள் ஊரில் ஆயில் என்றால் தேன் மாதிரி இழுபட்டு விழ வேண்டும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, இயந்திரவியல் படித்து, இந்தப் பட்டறையில் வண்டிகளை வரவேற்றுக் குறிப்பெழுதும் வேலைக்கு வந்தபோது நானும் அந்த நம்பிக்கையோடுதான் வந்தேன். பாகுநிலை பற்றிய தேர்வில் எண்பத்தாறு மதிப்பெண் வாங்கியும் அது போகவில்லை. அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்:

"5டபிள்யூ-30ன்னு போட்டிருந்தா, டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கற நம்பர், குளிர்ல எவ்ளோ சுருக்கா ஓடும்னு சொல்லும். சின்ன நம்பர்னா சுறுசுறுப்பு. பின்னாடி இருக்கறது, சூடானா எவ்ளோ தடிப்பா நிக்கும்னு. இது ரெண்டும் மூஞ்சிலயே போட்டிருப்பான். மூணாவது ஒண்ணு இருக்கு. நூத்தம்பது டிகிரில வெச்சு நசுக்கினா எவ்ளோ தாங்கும்? சி-3ன்னு முதுகுல இருந்தா மூணரைக்குக் குறையாது. சி-2ன்னா அதைவிட மெலிசு. மைலேஜ் குடுக்கும், ஆனா அதுக்குன்னு செஞ்ச இன்ஜின்லதான் ஊத்தணும்."

இதை ஒரு வருடமாகக் கேட்டும் மசியாதவர் வேன்கார அண்ணன். மலைமேல் இருக்கும் ஆலைக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கிறவர். அக்கா நீட்டும் மெல்லிய ஆயிலைப் பார்த்து, "இதுல மூஞ்சிதான் கழுவலாம்" என்று சொல்லிக் கெட்டி ஆயிலையே ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் இன்ஜின் படுத்தது. பிரித்துக் கட்டும்வரை ஆலைக்காரர்கள் பொறுத்தார்கள். இன்னொரு தடவை வண்டி நின்றால் வேறு வேன் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாய்க் கட்டிய இன்ஜினின் முதல் ஆயில் மாற்றத்துக்குப் போன செவ்வாய்க்கிழமை வந்தவர், அக்கா வாயைத் திறக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரி தாயே, உன் இஷ்டப்படியே ஊத்து. ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து படுத்துக்குவேன்."

"பாய் நான் தரேண்ணே!" என்று சிரித்த அக்கா, வெற்றிக் களிப்பில் முதுகைப் படிக்காமலே கேன்களை எடுத்துக் கொடுத்தார். வேன் போய்விட்டது.

காலி கேனைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் அதன் முதுகைப் பார்த்தார். சி-2. அந்த வேனுக்கு வேண்டியது சி-3. அன்று காலை விற்பனையாளர் வந்து போயிருந்தார். வேலை நெரிசலில் அக்கா மறுபடி திருப்பி வைக்கவில்லை; கேன்கள் எல்லாம் முகம் காட்டி நின்றன. சி-2, சி-3 இரண்டுக்கும் ஒரே சிவப்பு, ஒரே 5டபிள்யூ-30.

"தம்பி, மணி என்ன?"

ஒன்றே கால். இரண்டு மணிக்கு வேன் ஆளேற்றிக்கொண்டு மலை ஏறும். ஐந்து முறை போன் செய்தார். வேன்கார அண்ணன் ஓட்டும்போது போனைத் தொடாதவர்.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ட்ரிப்ல ஒண்ணும் ஆயிடாதும்மா. அடுத்த தடவை சத்தமில்லாம மாத்திக்கலாம். நீயா போய்ச் சொன்னா, அப்புறம் உன் பேச்சை எவன் கேப்பான்?"

"ஆகாமலும் போகலாம் சார். ஆனா புது பேரிங், பதினாலு பேரு, ஏத்தம். ஆச்சுன்னா, எதனால ஆச்சுன்னுகூட தெரியாம உக்காந்திருப்பாரு மனுஷன்."

அக்கா ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் நான். மடியில் சரியான ஆயில் ஆறு லிட்டர், கையில் கேடயம்போல் வடிதட்டு. சிக்னலில் நின்றபோதெல்லாம் அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வாசிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மலையடிவாரத்தில் வேன் உறுமியபடி நின்றது. பாதிப் பேர் ஏறியிருந்தார்கள். அக்கா நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, இன்ஜினை நிறுத்துங்க. தப்பான ஆயிலைக் குடுத்துட்டேன்."

வேன்கார அண்ணன் சாவியைத் திருப்பினார். இறங்கி வந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம் ஓதின. இன்னிக்குத்தான் தலையாட்டினேன். இன்னிக்கேவா?"

"ஆமாண்ணே."

"என் கெட்டி ஆயிலே ஊத்தியிருந்தா இது வந்திருக்குமா?"

"இது வந்திருக்காது. வேற வந்திருக்கும். திட்டறதை மொத்தமா அப்புறம் திட்டுங்க. மணி ஒண்ணு நாப்பது."

"யக்கா, சண்டையைச் சாயங்காலம் வெச்சுக்கக் கூடாதா? ஷிப்டு போயிடும்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். உள்ளே சிரித்தார்கள். வேன்கார அண்ணன் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அறுந்தது.

அக்கா அடியில் நுழைந்தார். நட்டு கழன்றதும் சூடான ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. 'ஸ்' என்ற மூச்சு மட்டும் கேட்டது. பட்டம் வாங்கிய கையால் நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புது ஆயில் இறங்கியது. வேன்கார அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் தானே உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் காது கொடுத்தார். முன் இருக்கையில் இருந்தவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் கூடவே வா."

அந்த வேனில் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில்தான் இன்ஜின் மூடி. ஏறி உட்கார்ந்த அக்கா, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்தார். காய்ச்சல் பார்க்கிறவர்கள் வைப்பதுபோல. தளும்பும் தட்டோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவில் வண்டி மறையும்வரை அவர் கையை எடுக்கவில்லை.