ஞாயிற்றுக்கிழமை ராகுகாலமும் அண்ணனின் வயிற்றுவலியும்

அண்ணனுக்கு வயிற்றுவலி தொடங்கியது ஒரு சனிக்கிழமை. தின்றது சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் மத்தியானம் வலி தொப்புளை விட்டு இறங்கி வலது அடிவயிற்றில் நின்றுகொண்டது. காலை நீட்ட முடியவில்லை. அந்தமானில், சௌல்தாரி கிராமத்தில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருந்தன. பாக்கும் காய்கறியும் போட்டுப் பிழைத்தோம். நான் ஓடிப்போய் டிஸ்பென்சரி கம்பவுண்டரைக் கூட்டி வந்தேன். மலையாளி, நல்ல மனிதர். அண்ணன் வயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அண்ணன் போட்ட சத்தத்தில் கொட்டிலில் கன்றுக்குட்டி துள்ளியது.

"குடல்வால் பழுத்திருக்கு. உடைஞ்சா வயிறு முழுக்க சீழாகும். பின்னே ஆபரேஷன் செஞ்சாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்பவே போர்ட் பிளேர் கொண்டு போ."

"எப்ப சார் உடையும்?"

"என்கிட்ட சொல்லிட்டா உடையும்? வலி திடீர்னு நின்னுபோச்சுன்னா சந்தோஷப்படாதே. அதுதான் உடைஞ்ச நேரம்."

ரோட்டோரம் மரலாரி ஒன்று டயர் மாற்ற நின்றிருந்தது. டிரைவர் இந்தத் தீவிலேயே பிறந்த லோக்கல்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "சலோ, ஜல்தி," என்று லாரியை எங்கள் படல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அண்ணன்தான் எழுந்திருக்கவில்லை.

"மணி என்னல?"

"அஞ்சாகப் போவுதுண்ணே."

"ஆறு வரைக்கும் ராகுகாலம். ஆறு ஆவட்டும், ஏறுதேன்."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் எங்கள் அப்பாவை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ராகுகாலத்தில்தான். அதே வண்டியில் பிணமாகத் திரும்பினார். அண்ணன் அந்த வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனவர். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ராகுகாலத்தில் ஒரு வெண்டை விதைகூட ஊன்றமாட்டேன். அதனால் எழுந்திரு என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. ஞாயிறு, நாலரை முதல் ஆறு. போனாலும் பயம், இருந்தாலும் பயம். முருகா, நீயே ஒரு வழி சொல்லு என்று வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன்.

லாரி ஹாரன் அடித்தது. "க்யா ஹுவா பாய்?"

விஷயத்தைச் சொன்னேன். டிரைவர் சிரித்தார். "ராகு கோ பீச்சே பிட்டாவோ, ஜகா ஹை!" ராகுவையும் பின்னால் உட்காரவை, இடம் இருக்கிறது என்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு ஹெட்லைட் எரியவில்லை, நன்றாக இருட்டிவிட்டால் அந்த ரோட்டில் ஓட்ட முடியாது என்றார்.

இங்கே மார்கழியில் ஐந்து மணி தாண்டியதுமே பொழுது சாய்ந்துவிடும். கடிகாரம் மெயின்லேண்ட் கடிகாரம், சூரியன் மட்டும் முந்தி வந்து முந்திப் போகும். மதினி எப்போதும்போலக் கால் கழுவி விளக்கேற்றிவிட்டு, திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"வெளக்கு வச்சாச்சு. எந்திரிங்க."

"ஆறு ஆவலையேட்டி."

"காலண்டரு மெட்ராசுல அடிச்சது. அங்க இன்னும் வெயிலு கெடக்கும். இங்கதான் பொழுதடைஞ்சு போச்சே! பகல் ராகுகாலம் இருட்டுல எப்படி வரும்? ராகு என்ன, உங்களுக்காவ லாந்தரு வச்சிக்கிட்டா உக்காந்திருக்கான்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை. ஆனால் பகலை எட்டுப் பங்காக்கினால் ஞாயிற்றுக்கிழமை ராகுவுக்குக் கடைசிப் பங்கு என்று கோயிலில் கேட்டிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி சொல்லுதது சரிதாண்ணே. பகலே முடிஞ்சிட்டு. ராகுவும் போயாச்சு."

"ரெண்டு பேருமாச் சேந்து என்னைய ஏய்க்கலையே?"

"முருகன் சத்தியமா இல்லண்ணே."

திருநீறு பூசிக்கொண்டு கையை நீட்டினார். தூக்கி லாரியில் போட்டோம்.

ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் முனகினார். போர்ட் பிளேரை நெருங்கி, கராச்சர்மா பக்கம் வரும்போது முனகல் நின்றது. கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணே, வலிக்கா?"

உலுக்கினேன். "அண்ணே! வலிக்கான்னு கேக்கேன்!"

"வலிக்குல, சவத்துமூதி!"

"நல்லா வலிக்கட்டும்ணே, நல்லா வலிக்கட்டும்," என்று நான் அழுதேன். மதினி என்னைவிடப் பலமாகக் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில், லீவு நாள் என்பதால் டாக்டரை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வந்தார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவர், உடையவில்லை, உடையத் தயாராக இருந்தது என்றார்.

அடுத்த கட்டிலுக்கு இரண்டொரு நாளில், தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அங்கே குடியேறிய வங்காளி, அண்ணன் வயதுதான். அதே குடல்வால். கடல் கொந்தளித்ததால் கப்பல் வரவில்லை. வலியோடு தீவிலேயே கிடந்து, வலி நின்ற பிறகுதான் கப்பல் ஏறியிருக்கிறார். அதே டாக்டர்தான் அவருக்கும் ஆபரேஷன் செய்தார். காய்ச்சல் இறங்கவே இல்லை. அவர் மனைவி சங்கு வளையல் கையால் நாளெல்லாம் விசிறினாள். மதினி கொடுத்த கஞ்சியை வாங்கிக் குடிப்பாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்த அன்று காலையில் அந்த மனிதர் இறந்துபோனார்.

சாமானைக் கட்டும்போது அவள் என்னிடம் கேட்டாள்: "ஆப்கா ஆத்மி கோ கப் லாயா தா?" உங்கள் ஆளை எப்போது கொண்டுவந்தீர்கள் என்று. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தூஸ்ரா தின்," என்றேன். வலி கண்ட மறுநாள்.

அவள் தலையை ஆட்டினாள். விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தாள். பிறகு பாதியில் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போனேன். அண்ணனைக் காப்பாற்றினாய் என்று சொல்லத்தான் தேங்காய் வாங்கிப் போனேன். சன்னதியில் நின்றபோது அதைச் சொல்லவில்லை. அந்த வங்காளிப் பெண்ணும் தன் சாமியைக் கூப்பிட்டிருப்பாளே. ஹட் பே கப்பல் இனி நேரத்துக்கு வரவேண்டும் சாமி என்று மட்டும் கேட்டுவிட்டு, தேங்காயை உடைத்தேன்.