டாலிகஞ்ச் பீச் ரிசார்ட்

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். என் சொந்த வீட்டு அடுப்படியில், கையில் பால் பாக்கெட்டோடு நான் பிடிபட்டேன்.

பிடித்தவன் என் மகன். பதினாறு வயது. கழுத்தில் ஸ்கூல் விசில். ஊதினான் பாருங்கள் ஒரு ஊது... நாலாவது மாடிக்காரர்கள் எல்லாம் எழுந்திருப்பார்கள்.

"கெஸ்ட்! கெஸ்ட்! இங்க ஸ்டாஃப் மட்டும்தான் வரலாம். ரூமுக்குப் போங்க!"

கெஸ்ட் என்றால் நான். ஸ்டாஃப் என்றால் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கடற்கரை ரிசார்ட்.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்கத்தாவில் குடும்பத்தோடு கடல் பார்ப்பது என்றால் பூரி, இல்லாவிட்டால் திகா. தங்குவது? ஆபீஸ் ஹாலிடே ஹோம். இந்த ஊரில் ஓரளவு பெரிய ஆபீஸ் எதுவானாலும் பூரியில் ஒரு ஹாலிடே ஹோம் வைத்திருக்கும். அதன் பெருமையே அங்கே சமையலறை உண்டு என்பதுதான். கேஸ் அடுப்பு தருவார்கள். குக்கர், தவா, கரண்டி, அம்மி கூடத் தருவார்கள். சமைக்கிற ஆளை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

அந்த ஆள் யார் என்று கேட்கிறீர்களா?

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு முறை பூரிக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை கூட அலைச் சத்தத்தைத் தனியாகக் கேட்டதில்லை. நடுவில் எப்போதும் ஒரு குக்கர் விசில். இவர்கள் மூன்று பேரும் கடலில் நனைந்து, மணலும் பசியுமாகத் திரும்பி வருவார்கள். "அம்மா, இன்னைக்கு என்ன?" என்பார்கள். இன்றைக்கும் சாம்பார்தான், வேறு என்ன? ஊர் மாறினால் பருப்பு மாறிவிடுமா?

இந்த வருஷம் பூஜை லீவு முடிந்த கையோடு அறிவித்துவிட்டேன். "இனிமே பூரி கிடையாது. அந்தமான். ரிசார்ட். நாலு நாள் நான் அடுப்பைக் கண்ணால பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்."

காலேஜில் படிக்கும் என் மகள் உடனே போனில் ஒரு ரிசார்ட்டை எடுத்துக் காட்டினாள். தண்ணீருக்கு மேல் மரத்தில் குடில். கட்டிலிலிருந்து கால் நீட்டினால் கடல். காலை டிபன் ஒரு தட்டில் மிதந்து வருமாம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. ஒரு தட்டு தானாக என்னைத் தேடி வருவதை நான் படத்தில் கூடப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் வாடகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சைபர் ஒண்ணு தப்பா விழுந்திருக்குமோ?"

"இல்லப்பா. அதுவும் ஒரு ராத்திரிக்கு," என்றாள் மகள்.

ஆனால் மனிதர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரி. போலாம். ஆனா ட்ரையல் பார்த்துட்டுதான்," என்றார்.

அவருக்குக் கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவு. அங்கே ஒரு கப்பலைக் கட்டி முடித்தவுடன் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் கரையோரம் ஒரு ட்ரையல். அப்புறம் கடலில் ஒரு ட்ரையல். குறைகளையெல்லாம் லிஸ்ட் போட்டு, சரி செய்து, மறுபடி ட்ரையல். அதற்கெல்லாம் பிறகுதான் கையெழுத்து. இருபத்தைந்து வருஷமாக இதே வேலையைச் செய்கிறவருக்கு ட்ரையல் இல்லாமல் ஒரு செருப்பு கூட வாங்க வராது. எங்கள் பெண் பார்க்கும் படலத்தில் மூன்று முறை வந்தார். அப்போது அதை ஆசை என்று நினைத்துக்கொண்டேன்!

"இவ்வளவு செலவு பண்ணிப் போய், அங்க உனக்கு ரெஸ்ட் எடுக்க வரலைன்னா? அதான் முதல்ல கரையோர ட்ரையல். நம்ம வீட்லயே," என்றார்.

"ரெஸ்ட் எடுக்க எனக்கு வராதா?" கோபமாகவே கேட்டேன். "யாருக்குங்க வராது? படுத்தா எடுத்துட்டுப் போறேன்!"

அதற்கடுத்த ஞாயிறுதான் அந்த விசில்.

ஏற்பாடுகளைக் குறை சொல்லவே முடியாது. வாசலில் சார்ட் பேப்பரில் 'வெல்கம்'. ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிசப்ஷனிஸ்ட்டாக என் மகள். படுக்கையறையிலிருந்து நான் வெளியே வந்ததும் பெயர் கேட்டாள், ஆதார் கேட்டாள், வெல்கம் டிரிங்க் என்று நேற்றைய மோரைக் கொடுத்தாள். மகன் லைஃப் கார்டு. குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் விசில்.

பால்கனிதான் ஸீ வியூ. கொடியில் என் நீல பெங்கால் காட்டன் புடவையைக் குறுக்கே கட்டி, கீழே டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டிருந்தார்கள். அலை அடித்தது! கால் புதைக்கப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு பேசின் நிறைய மணல் வேறு. எங்கள் தெருப் பூனை மட்டும் அந்தப் பேசினைத் தனக்கென்று நினைத்துக்கொண்டு, காலையிலேயே வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனது. பீச்சை மூட வேண்டியதாயிற்று.

அடுப்படியில் என் வீட்டுக்காரர். 'செஃப்'.

நான் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ரெஸ்ட் எடுப்பது என்ன பெரிய வித்தையா?

கடுகு கருகும் வாசனை வந்தது. பொறுத்துக்கொண்டேன். மிக்ஸி மூடியில்லாமல் ஓடும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்தேன். "அப்பா, ரவைக்குத் தண்ணி எவ்ளோ?" என்று மகள் கேட்க, "இருக்கறதையெல்லாம் ஊத்து," என்று பதில் வந்தது. அவ்வளவுதான்... தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தேன். விசில்! மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என்னையறியாமல் எல்லாத் தட்டையும் அடுக்கித் தூக்கினேன். விசில்! மாலை நாலு மணிக்கு ரிசப்ஷன் ஷூ ஸ்டாண்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"தூர்! அம்மா, நீ கெஸ்ட் மா! போஷோ தோ!" என்று மகள் கத்தினாள். அவளுக்குக் கோபம் வங்காளத்தில்தான் வரும். உட்காரேன் என்கிறாள்.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் ஒரு ஃபைலோடு வந்தார். உள்ளே டிஃபெக்ட் லிஸ்ட். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"ரூம் ஓகே. சர்வீஸ் ஓகே. சாப்பாடு, சரி பண்ணிடலாம். கெஸ்ட்: ஃபெயில். ரீ-ட்ரையல்: அடுத்த ஞாயிறு."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"இருபத்திரண்டு வருஷமா என்னை அடுப்படிக்குள்ளயே வெச்சிருந்துட்டு, இப்ப நான் வெளிய வரலைன்னு லிஸ்ட் போடறீங்களா? உப்புமா கட்டி கட்டியா இருந்துதே, அது ஓகேவா? நான் மட்டும் ஃபெயிலா?"

குரல் உடைந்துவிட்டது. மகன் விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தான். டேபிள் ஃபேன் மட்டும் அலை வீசிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஃபைலை மூடினார். "உன்மேல தப்புன்னு எழுதலை, லலிதா. சரி பண்ண வேண்டியதுன்னுதான் எழுதியிருக்கேன். அதுக்குத்தான் அடுத்த ஞாயிறு," என்றார். அப்புறம் தானே போய்ப் பாத்திரம் தேய்த்தார். சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், என் நல்ல நான்-ஸ்டிக் தவாவைக் கம்பி நாரால்தான் தேய்த்தார். ஆனால் நான் எழுந்து போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஏழு மணி வரை படுத்திருந்தேன். உப்புமாவில் கட்டிகள் குறைந்திருந்தன. இருந்தும் பத்தரைக்குக் காய்கறிக்காரர் குரல் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். ஃபெயில்.

அன்றைக்குத்தான் எதிர் ஃபிளாட் மிதா பௌதி தயிர் கேட்டு வந்தார். 'பௌதி' என்றால் அண்ணி. இந்த ஊரில் எதிர் வீட்டில் குடியிருந்தாலே உறவுதான். "புக்கிங் இருக்கா?" என்று என் மகள் கேட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பார் என்று பார்த்தேன். இல்லை. பால்கனிக்குப் போய், அலையடிக்கும் புடவையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமரா ஆஷ்போ," என்றார். நாங்களும் வருவோம்!

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு காலிங் பெல். மிதா பௌதியும் அவர் கணவர் சமீர்தாவும் நிற்கிறார்கள், சக்கரம் வைத்த சூட்கேஸோடு! வெந்நீர் ஃபிளாஸ்க். வழிக்கு ஒரு பொட்டலம் பொரி. எட்டடி நடந்து வருவதற்கு வழிக்குப் பொரி! கடல் காற்று ஆகாது என்று சமீர்தா தலையில் மங்கி கேப் வேறு மாட்டியிருந்தார். செக்-இன் செய்து, ஸீ வியூவில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவருடைய முதல் புகார்: "மீன் இல்லையா?"

"ஸார், இது வெஜ் பீச்," என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

பௌதி என் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பால்கனிக் கம்பியில் காலைத் தூக்கி வைத்தார். நானும் வைத்தேன். உள்ளே என் வீட்டுக்காரரும் மகனும் வத்தக்குழம்புக்குப் புளியைக் கரைக்கலாமா, அரைக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பௌதி மெதுவாக, "லலிதா, முப்பது வருஷத்துல நான் ஞாயித்துக்கிழமை வெயிலை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை," என்று வங்காளத்தில் சொன்னார். நானும்தான் பார்த்ததில்லை. வெயில் நன்றாகத்தான் இருந்தது.

மணி நாலு. நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் பாஸ். அன்றிரவே ரூம் போட்டுவிடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்தமான். மிதக்கும் தட்டு.

அப்போதுதான் தலையில் மணி அடித்தது. பாஸ் ஆனால் என்ன கிடைக்கும்? நாலு நாள். அப்புறம்? திரும்பி வந்தால் ட்ரையல் கிடையாது. செஃப் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெயில் கிடையாது. காலை ஐந்து மணிக்கு நான், பால் பாக்கெட், அடுப்பு!

ஆனால் ஃபெயில் ஆனால்...?

எழுந்தேன். நேராக அடுப்படிக்குப் போனேன். ஏற்கெனவே பளபளவென்று இருந்த அடுப்பை, மகன் கண்ணெதிரே, நிதானமாக ஒரு துடை துடைத்தேன்.

விசில்!

"அடடா," என்றார் என் வீட்டுக்காரர். "இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"என்ன பண்றது, கை நிக்க மாட்டேங்குதே," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். நாலாவது ஞாயிறும் அதே நாலு மணி, அதே துடை, அதே ஃபெயில். மிதா பௌதி மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் வீட்டிலும் ட்ரையல் ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

இதை இவ்வளவு தைரியமாக எழுதுகிறாளே, வீட்டில் படிக்க மாட்டார்களா என்று யோசிக்கிறீர்களா? பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அவர் பத்திரிகையில் வரும் என் பத்தியைப் படிப்பதில்லை. "வீட்ல கேக்கறதே போதும்," என்பார். ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நேற்று வரை நானும் நம்பியிருந்தேன்.

நேற்று ஐந்தாவது ஞாயிறு. இப்போதெல்லாம் உப்புமா உதிரி உதிரியாக வருகிறது, முந்திரி போட்டு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மூன்றரைக்கு எழுந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். ஃபைல் திறந்திருந்தது. ஆறு மணிக்கு எழுத வேண்டிய அன்றைய ரிப்போர்ட், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் தயாராக இருந்தது.

'கெஸ்ட்: ஃபெயில். காரணம்: நாலு மணிக்கு அடுப்பு துடைத்தல். ரீ-ட்ரையல்: அடுத்த ஞாயிறு.'

மணி மூன்று முப்பத்தைந்து. நான் இன்னும் அடுப்பைத் துடைக்கவே இல்லை!

அடுப்படியை எட்டிப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டியபடி, தவாவை ஸ்பாஞ்சால், ஸ்பாஞ்சாலேதான், மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு ஓரத்தில், என் கைக்கு எட்டுகிற மாதிரி, துடைக்கிற துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இது அன்பா, இல்லை அந்த ரிசார்ட் வாடகையைத் தள்ளிப் போடும் சாமர்த்தியமா? இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்ததில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தேன். சரியாக நாலு மணிக்கு எழுந்து போய் அடுப்பை ஒரு துடை துடைத்துவிட்டு வந்தேன். மனிதர் பொய் ரிப்போர்ட் எழுதினார் என்று ஆகிவிடக் கூடாதல்லவா?