லயல் வீட்டு ஓட்டு

ஸ்காட்லாந்தில் பிரீகின் ஊருக்கு வடக்கே, மலை ஏறத் தொடங்கும் மேட்டில் இருந்தது லயல் பண்ணை. வருஷம் முழுக்க ஓயாத காற்று. வெளியூர்க்காரர்கள் அந்தக் காற்றைத் திட்டுவார்கள். லயல் வீட்டாருக்கோ அதுதான் சோறு போட்டது. அசுவினிப் பூச்சி அங்கே ஒரு செடியில் நின்று உட்கார முடியாது. பூச்சி உட்காராத செடிக்கு நோய் வராது. நோயில்லாத உருளைக்கிழங்கைத்தான் மற்ற நாட்டு விவசாயிகள் விதைக்கென்று தேடி வாங்குவார்கள். அந்தப் பண்ணைக் கொட்டகையில், ஓடும் பட்டைமேல் உருண்டு வரும் கிழங்குகளில் வெட்டுப்பட்டதையும் அழுகியதையும் பொறுக்கி எறிகிற வேலையை நான் பல குளிர்காலம் பார்த்தேன். ஆகையால் ஷீனா லயலைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது. மீதி அவளே சொன்னது.

பண்ணை அவளுக்கும் அண்ணன் அலஸ்டருக்கும் பொதுச் சொத்து. அப்பன் அப்படித்தான் எழுதி வைத்துவிட்டுப் போனான். அலஸ்டரை எல்லோரும் ஆலி என்போம். அவனுக்கு வயல், டிராக்டர், நாய்கள். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் கட்ரியோனா எல்லைக்குத் தெற்கே ஆனிக்கில் ஒரு இங்கிலாந்துக்காரனைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஷீனா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விற்பனை முழுக்க அவள் கையில். தொலைபேசியில் அவள் குரல் கேட்டால் எதிர்ப்பக்கத்து ஆள் பேரம் பேசுவதையே மறந்துவிடுவான் என்று ஆலி கிண்டல் செய்வான்.

விளைச்சலில் பெரும்பங்கு இங்கிலாந்தில் லிங்கன்ஷயருக்குப் போகும். ஒரு குறிப்பிட்ட ரகம் மட்டும், வெள்ளைத் தோலில் ஊதாக் கண் உள்ளது, முழுக்க முழுக்க அயர்லாந்தில் டானிகாலுக்கு. அதை வாங்குகிறவன் கோனல் மெக்கின்லி. தாரமிழந்தவன், பெரிய ஆள், பெரிய சிரிப்பு. ஒவ்வொரு குளிர்காலமும் கப்பலேறி வருவான். ஒரு கிழங்கை எடுத்துப் பேனாக்கத்தியால் நறுக்கிப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்வான். "என்னா கோனல், உங்க ஊர்ல அடுப்பே கிடையாதா?" என்று நாங்கள் கேட்போம். "அடுப்பு இருக்கு, சமைக்கத்தான் ஆள் இல்ல" என்று ஷீனாவைப் பார்த்துச் சொல்வான். அவர்களுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் வருகிற வாரம் ஷீனா உதட்டுக்குச் சாயம் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்து தனி நாடாகப் போகலாமா வேண்டாமா என்று முதல் வாக்கெடுப்பு வந்த வருஷம், ஆலி பண்ணை வாசலில் 'ஆம்' பலகை நட்டான். ஷீனா அடுக்களைச் சன்னலில் 'வேண்டாம்' ஒட்டினாள். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற தபால்காரன் சன்னலைப் பார்த்துச் சிரிப்பான். காலையில் கஞ்சி ஆறும்வரை சண்டை.

"நம்ம எண்ணெய், நம்ம காத்து, நம்ம மீனு. எல்லாத்தையும் லண்டனுக்குக் குடுத்துட்டு, அவன் திருப்பிப் போடுறத வாங்கித் தின்னணுமா?" என்பான் ஆலி.

"சரி, தனியாப் போ. எந்தக் காசுல வியாபாரம் பண்ணுவ?"

"பவுண்டுலதான்."

"பவுண்ட அடிக்கிறவன் அவன். வட்டி எவ்வளவுன்னு சொல்றவன் அவன். நாளைக்கு உனக்கு இல்ல போடான்னா கூழாங்கல்ல எண்ணுவியா?"

"சொந்தமா அடிச்சுக்குவோம்."

"அடிச்சுக்கோ. குளிர்கிடங்குக் கடன் பவுண்டுல நிக்குது. உன் புதுக் காசு இளைச்சுப் போச்சுன்னா அத யாரு கட்டுறது? உன் நாயா? அதவிடு. பிரிட்டன விட்டு வெளிய போனா ஐரோப்பாவ விட்டும் வெளிய. திரும்பி உள்ள வர வரிசையில நிக்கணும். அதுவரைக்கும் கோனல் கைய கட்டிக்கிட்டு நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா?"

கோனல் பெயர் வந்ததும் ஆலி கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவான். அதற்குமேல் பேசினால் அது வேறு சண்டை ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஓட்டுப் போட இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். மறுநாள் விடிந்தபோது 'வேண்டாம்' ஜெயித்திருந்தது. ஆலி எதுவும் சாப்பிடாமல் வயலுக்குப் போய்க் கிழங்கு தோண்டும் இயந்திரத்தில் ஏறிவிட்டான். ஷீனா தேநீரை எடுத்துக்கொண்டு வரப்போரம் போய் நின்றாள்.

"ஜெயிச்சுட்ட" என்றான்.

"ஜெயிக்கல ஆலி. தப்பிச்சோம்."

அவன் தேநீரை வாங்கிக் குடித்தான். எங்கள் ஊரில் சில வீடுகளில் அந்த ஓட்டுக்குப் பிறகு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இவர்கள் வீட்டில் அப்படி ஆகவில்லை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

அடுத்த வாக்கெடுப்பு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று. அண்ணனும் தங்கையும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள், இருக்க வேண்டும் என்று. ஸ்காட்லாந்தும் பெருவாரியாக அதையே சொன்னது. ஆனால் தலை எண்ணிக்கை இங்கிலாந்தில் அதிகம். போவது என்று முடிவாகிவிட்டது. அன்று ஆலி அவளுடைய பழைய 'வேண்டாம்' ஓட்டைச் சொல்லி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன் மேவிஸ். அவன் எனக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்தான்" என்று ஷீனா என்னிடம் சொன்னாள்.

வெளியேறி முடிந்த அந்தக் குளிர்காலம் குளிர்கிடங்கு நிறைய ஊதாக்கண் ரகம் இருந்தது. வசந்தத்தில் நட்டது, அறுவடை செய்தது, தரம் பிரித்தது, எல்லாம் டானிகாலுக்காக. ஏதாவது ஏற்பாடு செய்துவிடுவார்கள் என்று கடைசிவரை எல்லோரும் நம்பினோம். வருஷம் முடிகிற நேரத்தில்தான் உறுதியாகத் தெரிந்தது. பிரிட்டனின் விதைக்கிழங்கு ஐரோப்பாவுக்குள் நுழையக் கூடாது. அதே மண், அதே காற்று, அதே கிழங்கு. முந்தின மாதம் சுத்தமாக இருந்தது, இப்போது வாசலில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

கோனல் கூப்பிட்டபோது நான் அலுவலக அறையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன்.

"ஷீனா, இங்க அதிகாரிகிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். நடக்கல."

"அடுத்த வருஷம்?"

"விதைக்கு நான் எங்கயாச்சும் சொல்லியாகணுமே. டச்சுக்காரன் இப்பவே அனுப்புறேங்குறான். ஒரு தடவ அவன்கிட்ட போயிட்டா..."

"வாங்கிக்கோ. நீ பட்டினி கெடந்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"நான் வந்து பாக்குறேன். குளிர் முடியட்டும்."

"கிழங்கு இல்லாம எதுக்கு வருவ?" என்றாள் ஷீனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்ன சொன்னதோ, அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் வரவில்லை. தொற்றுக் காலம், பிறகு வேலை, பிறகு சும்மாவே.

ஊதாக்கண் ரகத்தை இங்கிலாந்தில் யாரும் கேட்பதில்லை. பழகாத கிழங்கு. கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குப் போனது. அதைக் கிடங்கிலிருந்து வாரித் தள்ளுகிற இயந்திரத்தை ஆலி ஓட்டப்போனான். ஷீனா அவனை இறங்கச் சொல்லிவிட்டு அவளே ஏறினாள். மூன்று பேர் செய்யும் வேலையை ஒருத்தியாக, சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் செய்தாள். நாங்கள் பட்டை அருகே வேலை இல்லாமல் நின்று பார்த்தோம். அடுத்த வாரமே எங்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். சொல்லும்போது ஷீனா ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் மாறினாள். அடுக்களைச் சன்னலில் இப்போது 'ஆம்' ஒட்டியிருந்தது. தனி நாடாவோம், ஐரோப்பாவுக்குள் மறுபடி போவோம், அயர்லாந்துக் கதவு திறக்கும். இதைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். 'வேண்டாம்' போட்டவள் மனம் மாறி வந்திருக்கிறாள் என்று தனிநாட்டுக் கட்சிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மேடையில் ஏற்றினார்கள்.

ஆலி வாசல் பலகையைப் பிடுங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டிருந்தான். எப்போது பிடுங்கினான் என்று யாருக்கும் தெரியாது.

பிரீகின் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஷீனா நன்றாகப் பேசினாள். கிழங்கைத் தீவனத்துக்குத் தள்ளிய நாளைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கேள்வி நேரத்தில் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஆலி எழுந்து நின்றான், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"ஷீனா, ஒண்ணு கேக்கலாமா?"

"வீட்டுல கேக்க மாட்டியா?" என்றாள். மண்டபம் சிரித்தது.

"வீட்டுல நீ இருக்கறதே இல்லியே." மறுபடியும் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. "ஐரோப்பா நம்ம விதைய நிறுத்துச்சு. பதிலுக்கு இங்கிலாந்தும் ஐரோப்பா விதைய நிறுத்திடுச்சு. இல்லியா?"

"ஆமா."

"அப்ப நாம ஐரோப்பா ஆயிட்டா, லிங்கன்ஷயருக்கு நாம யாரு? கோனல் வாங்குனது கொஞ்சம். லிங்கன்ஷயர் வாங்குறது மீதி எல்லாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலி போட்டதுக்கே பாதிப் பேர வீட்டுக்கு அனுப்புன. எல்லையில, பெரிக்ல வேலி போட்டா மிச்சப் பேர யாரு அனுப்புறது? நீயா, நானா?"

மேடையில் இருந்த கட்சிக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து, பேச்சுவார்த்தை, இடைக்கால ஏற்பாடு என்று ஏதோ தொடங்கினார். ஷீனா அவர் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"தெரியல ஆலி" என்றாள். "ஆனா இப்ப இருக்குற வேலிய போடும்போது நான் சொன்னத யாரும் கேக்கல. அடுத்ததையாச்சும் நானே போட்டுக்குறேன்."

கைதட்டல் கூரையை அடித்தது. ஆலி நின்றுகொண்டே இருந்தான். "அத நட்டுட்டு நீ மேடையில நிப்ப. நான் வயல்ல நிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவன் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ. நான் கதவோரம் இருந்ததால் எனக்குக் கேட்டது.

அன்றைக்கு உடைந்தது ஒட்டவில்லை. முதல் தோல்வியின்போது தேநீர் வாங்கிக் குடித்தவன், இப்போது அவள் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் நாய்களுக்குப் போட்டான். ஒருவர் மற்றவருடைய பழைய பேச்சையே எடுத்துத் திருப்பி வீசிக்கொண்டார்கள். "இது நீ சொன்னதுதானே?" "அது நீ சொன்னதுதானே?" கேட்கக் கூசும். பண்ணையைப் பிரிக்க வேண்டும் என்று ஆலிதான் முதலில் சொன்னான். ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ள இருவருக்கும் வக்கில்லை. மரம் வளர்க்கும் கம்பெனி ஒன்று முழுசாக வாங்கிக்கொண்டது. இப்போது அந்த மேடு முழுக்க ஊசியிலை மரக்கன்று. விற்ற கையோடு ஆலி நாய்களை ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஆனிக் போனான். ஷீனா பிரீகினில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள்.

ஆனிக் போன இரண்டாம் வருஷக் கடைசியில் மகள் வீட்டுக் குளியலறையில் விழுந்த ஆலி எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. ஷீனா கார் ஓட்டும் நிலையில் இல்லை, நான் கூட்டிப் போனேன். அவனைப் பிரீகினில் அப்பன் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று கட்ரியோனா சொன்னாள். அதற்கு உடனே முடியாதாம். இங்கிலாந்தில் செத்தவரை எல்லை தாண்டிக் கொண்டுபோக மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் எடுக்க வேண்டுமாம். எப்போதிருந்தோ அப்படித்தானாம். எங்களுக்குத்தான் தெரியாது.

ஷீனா சிரிக்க ஆரம்பித்தாள். "பாரு மேவிஸ், பெரிக்ல ஏற்கெனவே கேட் போட்டு வெச்சிருக்கான். செத்தவனுக்கு மட்டும். ஆலிக்கு இது தெரிஞ்சிருந்தா மண்டபத்துல என்னை இன்னும் வாரியிருப்பான்." சிரிப்பு அழுகையாக மாறியபோது கட்ரியோனாவின் வீட்டுக்காரன் எழுந்து வேறு அறைக்குப் போனான். அதிகாரி சரி சொல்லும்வரை நாங்கள் அங்கேயே கிடந்தோம். ஆலியின் நாய்களை அவள்தான் நடக்கக் கூட்டிப் போனாள்.

அடக்கத்துக்கு கோனல் வரவில்லை. அவன் மகன் ஒரு மலர்வளையம் அனுப்பினான். கோனலுக்கு நினைவு தப்பிவிட்டது, முதியோர் இல்லத்தில் இருக்கிறான் என்று அதோடு வந்த சீட்டில் இருந்தது. ஷீனா அதைப் படித்துவிட்டு மடித்துக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டாள். அடக்கம் முடிந்து ஓட்டலில் ஸ்டோவீஸ் பரிமாறினார்கள், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைத்தது. அவளும் ஒரு தட்டு முழுசாகச் சாப்பிட்டாள்.

அவள் இன்னும் 'ஆம்' பக்கம்தான். ஆனால் இப்போது கூட்டங்களில் மேடைக்குப் போவதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி நேரம் வந்ததும் எழுந்து லிங்கன்ஷயரைப் பற்றிக் கேட்கிறாள். பதில் சொல்பவர் இடைக்கால ஏற்பாடு என்றால், "எது வரைக்கும்? அதுக்குள்ள யாரு சாப்பாடு போடுவா?" என்கிறாள். முன்பு அவளைத் தூக்கிக் கொண்டாடியவர்கள் இப்போது அவள் எழுந்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "நீங்க எந்தக் கட்சி அம்மா?" என்று ஒரு பையன் கேட்டான். "கிழங்குக் கட்சி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு கூட்டம் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மழை. மண்டபம் பூட்டிக் கிடந்தது. இடம் மாற்றியிருக்கிறார்கள், பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். "சரி, வா, சூடா கறி வெச்ச பிரைடி வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள். கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.