மோட்டாருக்கு ஊற்றிய குடிதண்ணீர்

புயல் ஓய்ந்த பிறகும் கடலூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ரொம்ப நாள் ஆனது. நான் வேலை பார்த்த சிதம்பரத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அதனால் தினமும் காலையில் இரண்டு காலி கேன்களோடு பஸ் ஏறுவேன். சாயங்காலம் ஆபீஸ் குழாயில் பிடித்துக்கொண்டு திரும்புவேன். ஒரு கண்டக்டர், இதுக்கு லக்கேஜ் போடணுமே என்றார். போட்டுக்கோங்க என்று கத்திவிட்டேன். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். மற்றதற்கெல்லாம் தெருமுனை அடிபம்பின் உப்புத் தண்ணீர். வரிசையில் நின்று அடித்து, குடம் குடமாக இடுப்பில் சுமந்தது என் மனைவி. அம்மா அப்போது படுத்த படுக்கை. எல்லாம் படுக்கையிலேயே. துணியையும் விரிப்பையும் மாற்றி மாற்றி அலச வேண்டும். ஈரத்தில் கிடந்தால் முதுகில் புண் வைத்துவிடும், பிறகு ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்புக்கு மேலே ஓர் இடம் ஏற்கெனவே சிவந்துவிட்டது. மாடித் தொட்டி ஒரு தடவை நிறைந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

ஜெனரேட்டரை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக மோட்டார் ஓட்டிக் கொடுக்க ஆள் வந்தார். ஒருவழியாக எங்கள் முறையும் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சும்மா கிடந்த நாட்களில், போர் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து, குழாய் காலியாகிவிட்டது. மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் மோட்டார் இழுக்கும்.

மூடியைக் கழற்றி, புனலை வைத்து, துணி அலச வைத்திருந்த இரண்டு குடத்தையும் ஊற்றினேன். அப்படியே விழுங்கிவிட்டது. வீட்டில் இருந்த வாளித் தண்ணீரும் போனது. மோட்டார் வெறுமனே காற்றை வாங்கிக்கொண்டு கத்தியது. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"சார், இன்னும் ஒரு வாட்டி பாருங்க. இல்லன்னா அடுத்த வூட்டுக்குப் போறேன், அவுங்களும் காத்துக்கினு இருக்காங்க" என்றார் ஜெனரேட்டர்காரர். அவர் மேல் தப்பில்லை.

மிச்சம் இருந்தது சிதம்பரத்துக் கேன் ஒன்றுதான். ராத்திரிக்கும் காலைக்கும் மூன்று பேருக்கும் குடிக்க அதை விட்டால் வேறு இல்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றபோது மனைவியே உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊத்துங்க. இனிமே என் இடுப்பு தாங்காது."

ஊற்றினேன். புனலின் வாய் வரைக்கும் நிறைந்து நின்றது. மூடியை முறுக்கிவிட்டுக் கை காட்டினேன். மோட்டார் இருமியது, துப்பியது, பிறகு சத்தம் கனத்தது. மேலே போகும் குழாயைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தவள் தொட்டி நிறையும் வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு பேருமாக அம்மாவைத் துடைத்து, விரிப்பு மாற்றினோம். தொட்டி ரொம்பிடுச்சா என்று அம்மா கேட்டாள். வழிந்தே விட்டது என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அடிபம்பு அளவுக்கு உப்பில்லாத எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தோம். தலையைத் தூக்கிப் பிடித்ததும் ஒரு டம்ளரை மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

இவ்வளவு தாகத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் அரை டம்ளரே போதும் என்றீர்கள் என்று மனைவி கேட்டாள்.

"குடிச்சா துணி நனையும். நீதானம்மா தண்ணி தூக்கியாரணும்" என்றாள் அம்மா.

மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடியும் அடுப்படிக்குப் போனாள்.