மேட்டில் ஏறிய ஆறு

மஸ்கட்டின் ரூவி பகுதியில் நான் சேர்ந்த கன்சல்டன்ட் அலுவலகத்தில் முதல் ஆறு மாதம் புரொபேஷன். அது முடிந்து கையெழுத்து விழுந்தால்தான் குடும்ப விசா. திருச்சியில் மனைவியும், நான் இன்னும் தூக்கிப் பார்க்காத மகளும் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் மனைவி முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்னங்க, போட்டுட்டாரா?"

போட வேண்டியவர் எங்கள் சீஃப் இன்ஜினியர், ஆஸ்திரேலியர். அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. மழை பெய்தால் மட்டும் ஓடும், வாடி என்று அங்கே சொல்லும் வறண்ட ஆறு ஒன்றின் குறுக்கே பாலம் கட்டும் வேலை வந்தது. வறண்ட ஆறு எப்படித் திடீரென்று பெருகும் என்று அதிகாரிகளுக்குக் காட்ட, தன் ஊர் டார்லிங் ஆற்றை வரையச் சொன்னார். இப்படிப் பெயர் வைத்த ஆற்றங்கரையில் பிறந்துமா இந்தச் சிடுசிடுப்பு என்று நினைத்தபடியே வரைந்தேன்.

இருபது பிரதிகள் பைண்ட் ஆகி வந்தன. மறுநாள் மீட்டிங். மதிய இடைவேளையில் சும்மா புரட்டியபோதுதான் தப்பு கண்ணில் பட்டது. நீரோட்டம் காட்டும் அம்புகளை எல்லாம் கிழக்கே போட்டிருந்தேன். காவிரிக்கரைக்காரனுக்கு ஆறு என்றால் கிழக்கே போய்க் கடலில் விழுவது. வரைபடத்திலும் கிழக்கே கடல் இருந்தது, கை தானாகப் போட்டுவிட்டது. ஆனால் அங்கே மலையும் கிழக்கேதான். பக்கத்துக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, அந்த ஆறு தென்மேற்கே உள்நாட்டுக்குள் போகிறது. நான் தண்ணீரை மேட்டில் ஏற்றியிருந்தேன்.

சொல்லாமல் விட்டால் சபையில் அவர் மானம் போகும். சொன்னால் என் வேலை போகும். போட்டோவில் பார்த்த மகள் முகம் கண்முன் வந்தது. பயந்துகொண்டேதான் அவர் கதவைத் தட்டினேன்.

பார்த்தார். திட்டவில்லை. இரண்டு ஒயிட்னரை எடுத்து ஒன்றை என் பக்கம் தள்ளினார். "உட்கார். பத்து உனக்கு, பத்து எனக்கு."

அம்புகளை அழித்துத் திருப்பிக்கொண்டே பேசினார். ஆற்றங்கரையின் ஆதி மக்கள் அதை பாக்கா என்பார்களாம். பிறகு கம்பளி மூட்டை ஏற்றும் நீராவிப் படகுகள் வந்தனவாம். தண்ணீர் வடிந்தால் படகு மாதக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்துவிடுமாம்.

"படகுக்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்றேன்.

"கரையில் காய்கறி போடுவார்கள். தண்ணீர் எப்படியும் வரும்."

மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை என் மேஜையில் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது. ஓரத்தில், மேற்கே பார்த்த ஒரு சின்ன அம்பு.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. உடனே போன் கார்டு வாங்கினேன். மனைவி எடுத்ததும், "போட்டுட்டாரு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மேற்கே கிளம்பி வா" என்றேன்.

அவள் கேட்டாள்: "அங்க பாப்பாவுக்குக் குளிருமாங்க?"

மஸ்கட் வெயிலில் நின்றுகொண்டு சிரித்தேன். கண்ணும் நிறைந்துவிட்டது.